காயில் கடை பதில்கள்: கத்திரி வெயிலும் கரண்ட் கணக்கும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி வெயிலும் கரண்ட் பில்லும்தான். ஆசிரியர் குழுவினர் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்தவற்றை மகள் படித்துச் சொன்னாள். புது வாசகர்களுக்காக ஒரு வரி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 38 வருஷமாக ஃபேனுக்கும் மோட்டாருக்கும் காயில் கட்டுகிறேன். அக்னி நட்சத்திரம் எனக்குத் தீபாவளி சீசன் மாதிரி. எரிந்த காயிலோடு ஆட்கள் வாசலில் நிற்பார்கள். கரண்டை மிச்சம் பிடிக்க வழி சொன்னால் என் வியாபாரம்தான் அடிபடும். பரவாயில்லை, கேட்டதற்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

சென்னை வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: சொந்த ஊர் நெல்லிக்குப்பம். இங்கே மூன்றாவது மாடியில் இருக்கிறோம், அதற்கு மேல் மொட்டை மாடி. இரண்டு ஏசி. போன தடவை 860 யூனிட் வந்துவிட்டது. ஏசி இல்லாமல் தூங்கவே முடியவில்லை. எங்கே குறைப்பது?

தம்பி, இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, உங்கள் படுக்கையறைக் கூரையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஃபேனை அணைத்துவிட்டு ஏறுங்கள், அதை மறக்க வேண்டாம். மோட்டார் சூட்டை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். உள்ளங்கைக்குத் தெரியாதது புறங்கைக்குத் தெரியும். கூரை வெந்நீர்ப் பானை மாதிரி இருக்கும். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை அந்த கான்கிரீட் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. குடித்ததை நள்ளிரவு வரை கீழே, உங்கள் தலையில் கக்குகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு நீங்கள் ஏசியைப் போட்டால், அது முதலில் அந்தக் கூரையோடுதான் மல்லுக்கட்டுகிறது.

அதனால் ஏசியைப் பார்ப்பதற்கு முன் மொட்டை மாடியைப் பாருங்கள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடும் ஒரே மாடி, மேலே திறந்த தளம். ஒவ்வொரு பங்குனியிலும் தளத்தைப் பெருக்கிக் கழுவி, சுண்ணாம்பு இரண்டு கோட்டிங் அடித்துவிடுவோம். சுண்ணாம்பு காலில் ஒட்டாமல் இருக்க மரவேலைக்காரர்கள் வைத்திருக்கும் பசையைக் கொஞ்சம் கலப்பது உண்டு. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அடிப்பதற்கு முந்தின நாள் ராத்திரியும் அடித்த மறுநாள் ராத்திரியும் கூரையைத் தொட்டுப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், வித்தியாசம் கைக்குத் தெரியும். ஐப்பசி மழையில் கரைந்து போய்விடும், மறு வருஷம் மறுபடி அடிக்க வேண்டும். காசு இருக்கிறவர்கள் வெள்ளை கூலிங் பெயின்ட் அடிக்கலாம், கூலிங் டைல்ஸ் பதிக்கலாம். அடுக்கு மாடியில் தளம் பொது என்பதால் அசோசியேஷனில் கேட்டால், "எங்களுக்கு என்ன லாபம்?" என்று முதல் மாடிக்காரர் கேட்பார். அனுமதியை மட்டும் வாங்கிக்கொண்டு செலவை நீங்களே போட்டுவிடுங்கள். பில்லில் திரும்பி வந்துவிடும்.

எப்படி வரும் என்று கணக்கைப் பார்ப்போம். 2024 ஜூலையில் வந்த கட்டணப் பட்டியலை வைத்துப் போடுகிறேன். இரண்டு மாதத்துக்கு 860 யூனிட் என்றால் 5,400 ரூபாய். அதையே 760 ஆக்கிவிட்டால் 4,392. கடைசி 100 யூனிட்டுக்கு மட்டும் 1,008 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே போகப் போகத்தான் யூனிட் விலை ஏறுகிறது, அதனால் நீங்கள் குறைக்கிற ஒவ்வொரு யூனிட்டும் விலை அதிகமான யூனிட்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது, இது 500 யூனிட்டை ஒட்டி வருகிறவர்களுக்கு. அதே பட்டியலில் சரியாக 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! 500ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளில் இருந்த சலுகை விலை போய்விடுகிறது, அதுதான் காரணம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மீட்டரைப் பார்த்துத் தினசரிக் காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பாள் என் மனைவி. கடைசி இரண்டு வாரத்தில் 500ஐ எட்டிவிடும் போல் இருந்தால், அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் பரண் மேல் வைத்துவிடுவாள். அந்த நாட்களில் என் சட்டையைப் பார்த்தே எத்தனை யூனிட் ஆயிற்று என்று சொல்லிவிடலாம்.

ஏசி பற்றியும் ஒன்று. ராத்திரியில் இரண்டு ஏசி எதற்கு? கல்யாண வீடு மாதிரி மே மாதம் மட்டும் எல்லாரும் ஒரே அறையில் பாய் போட்டுப் படுங்கள். 26இல் வைத்து ஃபேனை இரண்டில் ஓட விடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று ஸ்டார் லேபிள் கொடுக்கிற மத்திய அரசு அமைப்பே சொல்கிறது. உங்கள் பையன் முகம் சுளிப்பான். பில்லை அவன் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

புதுச்சேரி லாஸ்பேட்டை வாசகி: ஏசியை 18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும், குளிர்ந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். சரியா?

விழுப்புரத்துக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று திருச்சிக்கு டிக்கெட் எடுத்தால் பஸ் வேகமாகப் போகுமா? சாதாரண ஏசியின் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான். நீங்கள் வைக்கிற எண், எங்கே இறங்க வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. இன்வெர்ட்டர் ஏசி, அறை சூடாக இருந்தால் தானாகவே முழு வேகத்தில் தொடங்கி, கேட்ட குளிர் வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 18 என்று வைத்தால் நம் ஊர் மே மாதத்தில் அது அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே சேராது. ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் கணவரோ இரண்டு மணிக்குப் போர்வையைத் தேடுவார். 2020இலிருந்து இங்கே விற்கிற ஏசிகளை முதலில் போட்டதும் 24இல் நிற்கும்படிதான் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை இறக்குவதற்கு நாம்தான் ரிமோட்டைத் தேடுகிறோம்.

டன் என்பதையும் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏசியின் எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கடலூர் துறைமுகத்தில் மீனுக்குப் போடுகிற பார் ஐஸைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவை இழுக்கிற ஏசிக்கு ஒரு டன் என்று பெயர். சூடு மாயமாகப் போவதில்லை, வெளியே இருக்கிற யூனிட் வழியாகத் தெருவுக்குப் போகிறது. தெருவில் இருப்பவர் யார்? ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிற பக்கத்து வீட்டுக்காரர்.

கடலோரத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் வெயிலில் பாதி தொந்தரவு பிசுபிசுப்புதான். ஏசி குளிரவைப்பதோடு காற்றிலிருக்கிற தண்ணீரையும் பிழிகிறது, டிரெயின் குழாயின் கீழ் பக்கெட் வைத்தால் விடியும்போது அளவு தெரியும். இலேசான புழுக்க நாட்களில் ரிமோட்டில் 'டிரை' என்று இருப்பதைப் போட்டுப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

அப்புறம் உப்புக்காற்று. போன வருஷம் தேவனாம்பட்டினத்தில், கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு ஏசி மெக்கானிக் நண்பரோடு போயிருந்தேன். "குளிரே இல்லை, கேஸ் போட்டும் பிரயோஜனமில்லை" என்று அந்த வீட்டம்மா புலம்பினார். வெளி யூனிட்டின் பின்பக்கம் இருக்கிற அலுமினியத் தகடுகளை நண்பர் விரலால் தொட்டார். பொரித்த அப்பளம் மாதிரி உதிர்ந்தது. தகடு போனால் சூடு வெளியே போக வழியில்லை. கம்ப்ரஸர் நாய் மாதிரி இளைத்துக்கொண்டு ஓடும், மீட்டரும் கூடவே ஓடும். கடல் பக்கத்தில் இருப்பவர்கள் மாதம் ஒரு தடவை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளி யூனிட்டை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவிவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். உள்ளே இருக்கிற ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துக் குழாயடியில் காட்டுங்கள். வருகிற அழுக்கைப் பார்த்தால், இதன் வழியாகவா இத்தனை நாள் மூச்சு விட்டோம் என்று இருக்கும்.

அரியாங்குப்பம் வாசகர்: ஏசி வாங்க வசதியில்லை. தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலர் வாங்கலாமா? கரண்ட் கம்மியாம்.

கரண்ட் கம்மி என்பது உண்மை. குளிரும் கம்மி. ஐயா, இதில் நான் பட்டவன். கல்யாணமான புதிதில், நம் பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் கூலர் வாங்கினேன். கடைக்காரர் அதன் முன்னால் என்னை உட்கார வைத்து, சில்லென்று காற்று வருகிறதா பாருங்கள் என்றார். வந்தது. கடை ஏசி கடை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மூடிய அறையில் ஓட்டினால், இரண்டு மணி நேரத்தில் தீப்பெட்டி நமுத்துவிட்டது. தலையணை ஈரமாகிவிட்டது. மூன்றாம் நாள் அதற்குள் வெங்காயம் போட்டு வைத்தோம்.

தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிரும். காற்றிலேயே ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் எங்கே போய் ஆவியாகும்? வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நனைத்துப் பிழிந்த வேட்டியை நிழலில் கொடியில் போடுங்கள். வேலூரில் சட்டென்று காய்ந்துவிடும், அங்கே கூலர் வேலை செய்யும். அரியாங்குப்பத்தில் சாயங்காலம் வரை ஜில்லென்று தொங்கும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஃபேனும், மேற்குப் பக்க ஜன்னலுக்கு ஒரு மூங்கில் தட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜன்னலுக்கும் நேரம் இருக்கிறது. காலையில் மேல்காற்று வீசும், மீனவர்கள் கச்சான் என்பார்கள், அது உள்நாட்டுச் சூட்டை அள்ளிக்கொண்டு வரும். பத்து மணிக்கு மேல் மேற்கு ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பியதும் கிழக்கு ஜன்னல்களைத் திறங்கள். சில நாள் மேல்காற்று பலமாக இருந்தால் கடல் காற்று உள்ளே வர நேரமாகும், அன்றைக்குத்தான் நமக்கெல்லாம் 40 டிகிரியைத் தாண்டும். புதுச்சேரியில் பழைய வீட்டுக்காரர்கள் திண்ணையும் முற்றமும் வைத்துக் கட்டியவர்கள். முற்றத்தின் மேல் கண்ணாடி ஷீட் போட்டு மூடிவிட்டு, புழுக்கமாக இருக்கிறது என்று எனக்கே கடிதம் எழுதுகிறார்கள். மேலே போகிற சூட்டுக்கு மூடி போட்டால் அது எங்கே போகும்?

கடலூர் செம்மண்டலம் வாசகர்: பகலெல்லாம் கரண்ட் நன்றாக இருக்கிறது. ராத்திரி பத்தரைக்கு லோ வோல்டேஜ், பதினொன்றுக்கு ட்ரான்ஸ்ஃபார்மரில் டமால். ஏன் ராத்திரியில் மட்டும்?

எல்லாரும் ஒரே நேரத்தில் படுக்கிறோம், அதனால். உங்கள் தெருவில் இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் 100 கேவிஏ என்று வைத்துக்கொள்ளுங்கள், தட்டில் எழுதியிருக்கும். ஒன்றரை டன் ஏசி அறுபது ஒன்றாக ஓடினால் அதற்கு மூச்சு முட்டிவிடும், அதுவும் விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜைக் கணக்கில் சேர்க்காமலேயே. பத்து வருஷத்துக்கு முன் உங்கள் தெருவில் எத்தனை ஏசி, இன்றைக்கு எத்தனை என்று மாடியில் ஏறி எண்ணிப் பாருங்கள். ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கிற எண்ணெய் ராத்திரியில்தான் ஆறும். கத்திரியில் ராத்திரியும் ஆறுவதில்லை, லோடும் இறங்குவதில்லை.

இதில் நாம் செய்கிற ஒரு கூத்து இருக்கிறது. தெருவுக்கு வருகிற மூன்று பேஸில், அதாவது மூன்று மின் லைனில், ஒரு பேஸ் டல்லாக இருந்தால் உடனே பேஸ் சேஞ்சரைத் திருப்பி அடுத்த பேஸுக்குப் போய்விடுகிறோம். நீங்கள் மட்டுமா? தெருவே போகிறது. நன்றாக இருந்த பேஸில் எல்லாரும் ஏறிக்கொள்ள, ஃபியூஸ் போகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்த படகு மாதிரிதான்.

மாநிலம் முழுக்கப் பார்த்தாலும் இரவு நேரம்தான் சங்கடம். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் வரை போயிற்று, அதுவரை அப்படிப் போனதில்லை. பகலில் சூரிய மின்சாரம் கை கொடுக்கிறது. பொழுது சாய்ந்தால் அது போச்சு. காற்றாலையோ தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகிற மே கடைசிக்கு மேல்தான் நன்றாகச் சுற்றும். ஏப்ரல், மே முதல் பாதியில் சாயங்காலம் ஆனால் இரண்டும் இருக்காது, லோடு மட்டும் இருக்கும். ஆகவே ராத்திரி 7 மணியிலிருந்து 11 மணி வரை தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், இஸ்திரி நான்கையும் தொடாதீர்கள். ஒரு எச்பி மோட்டார் என்றால் 746 வாட். பழைய ஃபேன் பத்துக்குச் சமம். காலையில் போட்டால் குடியா முழுகிவிடும்? மோட்டாருக்கும் நல்லது. லோ வோல்டேஜில் ஓட்டித்தான் காயிலைக் கருக்கி என்னிடம் கொண்டுவருகிறீர்கள்.

கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் கொஞ்சம் பொறுங்கள். இருட்டில் உட்கார்ந்திருந்த தெரு முழுக்க ஒரே நொடியில் ஏசி, மோட்டார் எல்லாம் கிளம்பினால் மறுபடி போய்விடும். ஏறி ஃபியூஸ் போட்டவர் இறங்கிச் செருப்பு மாட்டுவதற்குள் போனதை நான் பார்த்திருக்கிறேன். கட் ஆனதும் ஏசி சுவிட்சை அணைத்து வையுங்கள். வந்த பிறகு ஐந்து நிமிஷம் ஃபேனில் உட்காருங்கள்.

குறிஞ்சிப்பாடி வாசகர்: பக்கத்திலேயே நெய்வேலி. கரி நம் மண்ணில், புகை நம் மூக்கில். கரண்ட் மட்டும் எங்கேயோ போகிறதே?

இந்தக் கேள்வி வராத வருஷம் இல்லை. 1962இல் ரஷ்யர் உதவியோடு நெய்வேலி மின்நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். நெய்வேலி மின்சாரம் தென் மாநிலங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கப்படுகிறது. 2013 டிசம்பர் 31இல் தென்னக கிரிடும், அதாவது தென் மாநிலங்களின் மின்கம்பி வலையும், நாட்டின் மற்றப் பகுதி கிரிடோடு சேர்ந்துவிட்டது. இப்போது எல்லாம் ஒரே ஏரி. எந்த மதகுத் தண்ணீர் எந்த வாய்க்காலில் வந்தது என்று சொல்ல முடியாது. அப்படிச் சேராமல் இருந்ததும் ஒரு தடவை நல்லதாகத்தான் போயிற்று. 2012 ஜூலை கடைசியில் வட இந்தியா முழுக்க இரண்டு நாள் அடுத்தடுத்து இருண்டபோது நாம் தப்பினோம். ஆனால் அதே வருஷம் சென்னையில் 2 மணி நேரம் வெட்டு என்றால் நம் பக்கம் 10 மணி நேரத்தையும் தாண்டிய நாட்கள் உண்டு. அந்த ஆற்றாமை எனக்கும் இருக்கிறது. அதற்கு முந்தின டிசம்பர் 30இல் தானே புயல் வேறு. எங்கள் தெருவில் ஒரு கம்பம்கூட நேராக நிற்கவில்லை. ஃபேன் கடைக்காரன் வீட்டில் பனை விசிறியால் வீசிக்கொண்டு படுத்தோம்.

சின்னக் கேள்விகள் சில:

ஃப்ரிட்ஜில் சூடான சாம்பாரை வைத்தால்? உங்கள் காசில் சாம்பாரை ஆறவைக்கிறீர்கள். கதவு ரப்பரில் ஒரு ரூபாய்த் தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் ரப்பரை மாற்றுங்கள். சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம்.

டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாதா? போதாது. செட்டாப் பாக்ஸ் தூங்குகிற மாதிரி நடிக்கும். சுவிட்சை அணையுங்கள்.

போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டால்? அது ஒரு கணக்கே இல்லை. அதற்காக வீட்டில் சண்டை போடாதீர்கள்.

ஏசி பிளக் சுடுகிறது, பரவாயில்லையா? சுடக் கூடாது. லூஸ் காண்டாக்ட். அதில் வீணாவது கரண்ட் மட்டும் என்றால் பரவாயில்லை, தீப்பிடிக்கும். இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

புதுச்சேரிக்காரர்கள் பலர் 500 யூனிட் கணக்கைத் தங்களுக்கும் போட்டுப் பார்த்துக் குழம்பியிருக்கிறார்கள். உங்களுக்கு மாதா மாதம் பில், படிகளும் வேறு. நான் மேலே சொன்ன ரூபாய்க் கணக்கு கடலூர், சென்னைக்காரர்களுக்கு. கூரை, ஜன்னல், ஃபேன் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.

கடலூர் முதுநகர் வாசகர்: வீட்டில் நாலு ஃபேனும் 20 வருஷப் பழசு. மெதுவாகச் சுற்றுகின்றன. காயில் கட்டலாமா, இந்த பிஎல்டிசி ஃபேன் வாங்கலாமா? உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மையைத்தான் சொல்ல வேண்டுமா? சரி.

மெதுவாகச் சுற்றினால் முதலில் காயிலைச் சந்தேகிக்காதீர்கள். மேலே கிண்ணத்துக்குள் இருக்கிற கெபாசிட்டர் சோர்ந்திருக்கும். இரண்டரை மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியது ஒன்றரைக்கு இறங்கியிருக்கும். அதை மாற்றினாலே பாதி ஃபேன்களுக்கு உயிர் வந்துவிடும். இறக்கையின் முன் ஓரத்தில் படிந்திருக்கிற கறுப்புக் கோட்டை ஈரத்துணியால் துடைத்தாலும் காற்று கூடும். சுவரில் பழைய டப்பா ரெகுலேட்டர் இருந்தால் கழற்றி எறியுங்கள். ஃபேனைக் குறைத்து வைத்தால் மிச்சமாகிற கரண்டை அது சூடாக்கித் தானே தின்றுவிடும். கையை வைத்துப் பாருங்கள், சுடும்.

காயில் எரிந்துவிட்டால்? நன்றாகக் கட்டினால் பழையபடி ஓடும். ஆனால் எங்கள் தொழிலில் எல்லாரும் சுற்றை எண்ணிக் கட்டுவதில்லை. கம்பி விலை ஏறிவிட்டது என்று ஒரு நம்பர் மெல்லியதாகப் போடுகிறவர்கள் உண்டு. ஃபேன் சுற்றும், கரண்டும் கூடுதலாக இழுக்கும், நடுமண்டை கொதிக்கும். கட்டி வாங்கியதும் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தித் தொடுங்கள். இளஞ்சூடு சரி. கையை எடுக்க வைத்தால் திரும்பக் கொண்டுபோங்கள்.

பிஎல்டிசி ஃபேனுக்குள் காந்தமும் சர்க்யூட் போர்டும் இருக்கிறது. பழைய ஃபேன் 75 வாட் இழுத்தால் இது 30 வாட்டை ஒட்டித்தான். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிற ஃபேன் என்றால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். விலை மூவாயிரத்தை ஒட்டி வரும். இடி இடித்து வோல்டேஜ் எகிறினால் போர்டு போய்விடும், என்னால் அதைக் கட்ட முடியாது. கடை மூலையில் அப்படி மூன்று கிடக்கின்றன. அதனால் நாலையும் மாற்றாதீர்கள். எது ராத்திரியும் பகலும் ஓடுகிறதோ அதை மாற்றுங்கள், வாரண்டி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றுகிற ஃபேனை என்னிடம் கொண்டுவாருங்கள்.

உங்கள் ஊரிலேயே, முதுநகரில்தான் என் அத்தை இருக்கிறார். 78 வயது, தனியாக. 2016இல் முதல் 100 யூனிட் இலவசம் என்று வந்ததிலிருந்து, கரண்டுக்குக் காசு கட்டுவது அவருக்குத் தண்டம் கட்டுவது மாதிரி. ஒவ்வொரு தடவையும் நூறுக்குள் நிறுத்திவிடுவார். எப்படி என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மே மாதம் ஒரு மதியம் பக்கத்து வீட்டிலிருந்து போன். அத்தை நடையில் சுருண்டு கிடக்கிறார். ஓடினேன். தண்ணீர் தெளித்து, ஈரத்துணி சுற்றி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஃபேன் ஏன் நின்றிருந்தது என்று கேட்டேன். "பகல்ல எதுக்குடா ஃபேனு? நூறு தாண்டிடும்ல" என்றார்.

வயதானால் உடம்புக்குச் சூடு உறைக்காது, வேர்வையும் குறைந்துவிடும். அவர்களைப் போய் மிச்சம் பிடிக்கச் சொல்லக் கூடாது. வெயில் மிகக் கடுமையான நாளில் ஃபேன் அனல் காற்றைத்தான் வீசும், அப்போது கழுத்தில் ஈரத்துண்டும் வேண்டும். ஃபேனையே அணைப்பது தற்கொலை. ஆனால் இதையெல்லாம் சொன்னால் அத்தை கேட்பாரா? நூறுதான் அவருக்கு எல்லை. அதனால் அவர் வழியிலேயே போய் அவர் காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பழைய ஃபேன் 75 வாட், நாளைக்கு 20 மணி நேரம், 60 நாள்: 90 யூனிட். இரண்டு எல்இடி பல்பு ஆறரை யூனிட். டிவி, சீரியலுக்கு ஐந்து மணி நேரம் என்று 15 யூனிட். ஆக 111. தாண்டிவிட்டது, அத்தை சொன்னது சரிதான். அதே ஃபேனை 30 வாட் ஃபேனாக மாற்றினால் 36 யூனிட். எல்லாம் சேர்ந்து 58. மிக்சியும் மற்றதும் போட்டாலும் நூறுக்கு வெகு கீழே. அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாளே ஃபேனை மாட்டினேன்.

இப்போது புது ஃபேனின் ரிமோட்டும் அதே சுருக்குப்பையில்தான் இருக்கிறது. ஃபேன் நாள் முழுக்க ஓடுகிறது. போன தடவை 64 யூனிட், அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். ஒரே ஒரு குறை. "சத்தமே இல்லடா. பழசு கடகடன்னு சுத்தும், வீட்ல ஆள் இருக்கற மாதிரி இருக்கும். இது சுத்துதா நின்னு போச்சான்னு பாத்துக்கிட்டே தூக்கம் போயிடுது."

பழைய ஃபேனுக்குப் பேரிங் மாற்றிக் கடையில் மாட்டியிருக்கிறேன். கோயிலுக்கு வரும்போதெல்லாம் அதன் கீழ்தான் வந்து உட்காருகிறார்.